தண்ணீர் பெயின்ட் மரத்தில் நிற்கும், தேய்ப்புக் கூலி கொடுத்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் கடிதம் பகுதியில் பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் எழுதியிருந்ததை டீக்கடையில் படித்தேன். வீட்டின் உள்கதவு, ஜன்னல், அலமாரி எல்லாவற்றுக்கும் தண்ணீர் கலந்து அடிக்கிற பளபளப்பு பெயின்ட் அடித்தாராம். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, ஏடு ஏடாக உரிந்து வருகிறதாம். மரத்துக்கு என்றைக்கும் ஆயில் பெயின்ட்தான், புதுசு புதுசாக வருவதெல்லாம் ஏமாற்று வேலை என்று முடித்திருந்தார். அவருடைய வயிற்றெரிச்சல் நியாயம். தீர்ப்பு நியாயமில்லை.

நான் அம்பாசமுத்திரத்துப் பெயின்டர். எங்கள் அப்பாவுக்கும் இதே தொழில். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, முக்கூடல் என்று பழைய வீடுகளில்தான் எனக்கு வேலை அதிகம். தார்சா என்கிற முன்தாழ்வாரத்தில் மர அழி, பட்டாசல் என்கிற கூடத்தில் தூண், இரண்டாங்கட்டுக்குக் குனிந்து போகிற கதவு, மச்சுக்கு ஏறுகிற மரப்படி என்று அந்த வீடுகளில் சுவரைவிட மரம்தான் கண்ணில் படும். தேக்கு, வேங்கை, சில வீடுகளில் பலா. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு கோட் ஏறியிருக்கும். சுரண்டிப் பார்த்தால் மேலே வெள்ளை, அடியில் சாக்லேட், அதற்கும் அடியில் பச்சை. அந்தப் பச்சை யார் காலத்தில் அடித்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. இத்தனையும் ஆயில் பெயின்ட். கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதன் மேல் தண்ணீர் பெயின்ட்டை அப்படியே பூசினால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

ஆயில் பெயின்ட் காற்றை வாங்கி இறுகுகிறது. அதனால்தான் ராத்திரி முழுக்கக் காய விட வேண்டியிருக்கிறது. தண்ணீர் பெயின்ட் அப்படியில்லை. தண்ணீர் ஆவியாகப் போனதும் அதிலிருக்கிற அக்ரிலிக் துளிகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டி ஒரே தோலாக ஆகிவிடும். தோல் நல்ல தோல்தான். இழுத்தால் கொஞ்சம் நீளும், மரம் சுருங்கினாலும் உப்பினாலும் கூடவே போகும், சட்டென்று வெடிக்காது. ஆனால் அடியில் கீறல் இருந்தால்தான் அதற்குப் பிடி கிடைக்கும். அந்தக் கீறலைப் போடுவது உப்புத்தாள். பாளையங்கோட்டைக்காரர் வீட்டில் உப்புத்தாள் எத்தனை போயிற்று என்று அவர் எழுதவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு நேரே டப்பாவைத் திறந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அவர் இப்போது செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. உரிகிறதே என்ற கோபத்தில் அதன் மேலேயே ஆயில் பெயின்ட் அடித்துவிடக் கூடாது. அடிக்கோட் உரிந்தால் மேல்கோட்டும் கூடவே வரும். நன்றாக இருக்கிறதாகத் தெரிகிற இடத்திலும் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டம் கீறி, அதன் மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிப் படக்கென்று இழுத்துப் பார்க்கட்டும். டேப்போடு கட்டம் வந்தால் அந்தக் கதவு முழுவதையும் சுரண்டத்தான் வேண்டும். வராத இடத்தைச் சும்மா விடலாம், ஓரத்தை மட்டும் தேய்த்து மட்டமாக்கினால் போதும். பழைய கோட் ஆயிலா தண்ணீரா என்று சந்தேகம் வந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தால் தெரிந்துவிடும். தண்ணீர் பெயின்ட் இளகிப் பஞ்சில் ஒட்டும், ஆயில் அசையாது.

தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும். இதை யாருமே செய்வதில்லை. நம் பக்கத்துக் கதவில் என்னதான் இல்லை? விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் புகை, அடுக்களைக் கதவில் தாளிப்புப் பிசுக்கு, தாழ்ப்பாளைச் சுற்றி எத்தனையோ தலைமுறைக் கை எண்ணெய். இதன் மேல் உப்புத்தாளைப் போட்டால் எண்ணெயைக் கீறலுக்குள் ஏற்றிவிட்ட மாதிரி. பிறகு பெயின்ட் அந்த இடத்தில் மட்டும் ஒட்டாமல் திரண்டு ஒதுங்கும். வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துக் கழுவி, நல்ல தண்ணீரால் இரண்டு தரம் துடைத்துவிட வேண்டும். சோடா தங்கினாலும் கெடுதல்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டு நிலைப்படியை இப்படிக் கழுவினேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிப் பூசி ஊறிப்போன படி. சோடாத் தண்ணீர் பட்டதும் சிவப்பாக வழிய ஆரம்பித்தது. உள்ளேயிருந்து ஆச்சி பதறி வந்துவிட்டார்கள்.

"ஏய்யா, என்னய்யா இது, படி ரத்தமா ஓடுது?"

"ஒண்ணுமில்ல ஆச்சி. மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டு ஆலாத்தி கரைக்கேளா இல்லியா, அதே சங்கதிதான். இங்க சுண்ணாம்புக்குப் பதிலா சோடா."

ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலைப்படிக்குப் பெயின்ட்டே வேண்டாம், மஞ்சள் பூசத்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். சரியான முடிவு. மஞ்சள் ஏறிய மரத்தில் வெள்ளை பெயின்ட் வெள்ளையாக நிற்பது கஷ்டம்.

இனி தேய்ப்பு. என்னைக் கேட்டால் வேலையில் முக்கால்வாசி இதுதான். தண்ணீரில் போடுகிற வாட்டர் பேப்பர் வாங்க வேண்டும். முதலில் 180 நம்பர், பிறகு அதைவிட நைசான 220 நம்பர். தாளைத் தண்ணீரில் முக்கி, ஒரு மரக்கட்டையில் சுற்றி, மரத்தின் ரேகை போகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். ஆரம்பத்தில் தாள் வழுக்கிக்கொண்டு ஓடும். கொஞ்ச நேரத்தில் பிடிக்கத் தொடங்கும், சத்தமும் மாறும். பெயின்ட் சேறாகக் கரைந்து கையெல்லாம் வழியும். துணியால் வழித்துவிட்டு வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பார்த்தால் மினுக்கம் செத்து மங்கலாக இருக்க வேண்டும். எங்கேயாவது பளபள என்று ஒரு தீவு தெரிந்தால் அங்கேதான் நாளைக்கு உரியும். சட்டத்தின் பள்ளத்திலும் மூலையிலும் கட்டை போகாது, விரலில்தான் தாளை மடித்துத் தேய்க்க வேண்டும். விரல் நுனித் தோல் போய்விடும். ஸ்டீல் நார் போட்டுத் தேய்க்கிறவர்கள் உண்டு, தண்ணீர் பெயின்ட்டுக்கு அது ஆகாது. உதிர்ந்த கம்பித் துகள் மரத்தில் சொருகி நின்று துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாக வெளியே வரும்.

ஈரத்தில் தேய்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான் என்று சொல்லலாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, சிவப்பு போன்ற அழுத்தமான நிறங்களில் அதிகம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016 நவம்பரில் விதி போட்டது. தயாரிப்பாளர்களுக்கு அது கட்டாயமானது 2017 நவம்பரிலிருந்து. அதற்கு முன்னால் அடித்த கோட்டெல்லாம் அப்படியே நம் கதவில்தான் இருக்கிறது. காய்ந்த உப்புத்தாளோ, இப்போது எல்லோரும் வைத்திருக்கிற கரன்ட் மெஷினோ போட்டுத் தேய்த்தால் அது மாவாகப் பறந்து பாயில், தலையணையில், மூடாத குடத்தில் இறங்கும். தவழ்கிற பிள்ளை தரையில் கை வைத்து அந்தக் கையை வாயில் வைக்கும். ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பிடிக்கிறது. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் தேய்ப்பு வேலையே வைக்கக் கூடாது. ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம், வளைகாப்பு வருகிறது வீட்டைப் புதுப்பியுங்கள் என்று எங்களைக் கூப்பிடுவது அந்தச் சமயத்தில்தான்!

நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தூசியில் நிற்போம். அதே சட்டையோடு வீட்டுக்குப் போய் பேரப்பிள்ளையைத் தூக்குவோம். துண்டு தூசியைத் தடுக்காது. பெயின்ட்டை ஊதுவிளக்கால் சுட்டு உரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது தேய்ப்பதைவிட மோசம், ஈயம் புகையாகவே போகும். ஈரமாகத் தேய்த்து, கீழே பாலிதீன் விரித்து, சேற்றை வழித்துக் கட்டி ஓரமாக வையுங்கள். கத்தரிச் செடிக்கு ஊற்றாதீர்கள். தண்ணீர் பெயின்ட்தானே என்று கன்னடியன் கால்வாயில் பிரஷ் கழுவுகிறார்கள் சில பையன்கள். பெயரில் தண்ணீர் இருந்தாலும் உள்ளே இருப்பது பிளாஸ்டிக், கீழே ஊர் குளிக்கிற தண்ணீர்.

மரத்தைப் பற்றி. வேங்கைக்கும் தேக்குக்கும் ஒரு குணம், அதிலும் வேங்கைக்கு ரொம்ப. பச்சை மரமாக இருக்கும்போது வெட்டினால் சிவப்புப் பால் வடிகிற சாதி அது, காய்ந்த பலகையிலும் அந்தச் சாயம் இருக்கும். பெயின்ட் போய் மரம் தெரிகிற இடத்தில் தண்ணீர் பெயின்ட்டை நேரே வைத்தால் அதிலுள்ள ஈரமே சாயத்தை மேலே இழுத்துவிடும். மறுநாள் பார்த்தால் வெள்ளைக் கதவில் டீ சிந்தின கறை. அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் ஏறி ஏறி வரும். அந்த இடத்துக்கு மட்டும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஒரு பூச்சு, இல்லையென்றால் பழைய மாதிரி ஆயில் பிரைமர். நன்றாகக் காய்ந்த பிறகு லேசாகத் தேய்த்து மேலே தண்ணீர் பெயின்ட் போனால் கறை வராது. அடியில் ஆயில், மேலே தண்ணீர் என்றால் சண்டை போடுமே என்று கேட்பார்கள். காய்ந்து தேய்த்திருந்தால் போடாது. ஆணித்தலைக்கும் கீலுக்கும் ரெட் ஆக்சைடு ஒரு தொடு தொட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் துரு எட்டிப் பார்க்கும்.

ஓட்டை, பிளவு அடைப்பதில் ஒரு கூத்து நடக்கிறது. சுவருக்குப் பார்க்கிற வெள்ளை சிமென்ட் பட்டியை மரத்திலும் வைத்துவிடுகிறார்கள். மூட்டையில் மிச்சம் இருந்ததாம். மரம் அசையும், சிமென்ட் அசையாது. ஆறு மாதத்தில் பொக்கென்று விழும். அதற்கும் பழி பெயின்ட் மேலேதான். மரத்துக்கென்று தனியாக விற்கிற பட்டியை வாங்கினால் என்ன?

இவ்வளவும் செய்தபிறகு அடிக்கிற வேலை சுலபம். நைலான் பிரஷ் வேண்டும், பன்றி மயிர் பிரஷ் தண்ணீரில் ஊதித் தொங்கிவிடும். பலகையை முதலில், பிறகு குறுக்குச் சட்டம், கடைசியில் நெட்டுச் சட்டம். ஆயில் பெயின்ட்டில் பழகின கை போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகும், இதில் அது கூடாது. இழுத்தோமா விட்டோமா என்றிருக்க வேண்டும். மறுபடி தொட்டால் பிரஷ் கோடு நின்றுவிடும். சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு மேல் பிரஷே ஓடாது, காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ள வேண்டும். மெல்லிசாக இரண்டு கோட். முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நாலு மணி நேரம் போதும், காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று ஒரே நாளில் முடியும்.

ஆயிலைவிட இது எங்கே மேல் என்று கேட்டால், வெள்ளை நிறம். வெளிச்சம் வராத பூஜையறை, அலமாரி உட்புறம், இரண்டாங்கட்டு என்று எங்கெல்லாம் இருட்டோ அங்கெல்லாம் ஆயில் வெள்ளை பழுத்து மஞ்சளாகிவிடும். இது ஆகாது. வாடை இல்லை. இளைப்புக்காரர்கள் இருக்கிற வீட்டில் டர்பன்டைன் வாடைக்காக ஆளை ஊருக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஐப்பசியில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சாயங்காலம் ஆயில் அடித்துவிட்டு டியூப்லைட்டைப் போட்டால் ஈசல் முழுக்கக் கதவில்தான் இருக்கும். காலையில் சிறகு சிறகாகப் பொறுக்க வேண்டும். ஆடிக் காற்றில் புழுதி. இது ஒரு மணி நேரத்துக்குள் தொடக் காய்ந்துவிடுவதால் அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. முகம் தெரிகிற பளபளப்பு வேண்டுமென்றால் ஆயில் தருகிற அளவுக்கு இது தராது. லிட்டர் விலையும் கூட. தொடக் காய்ந்தாலும் உள்ளே முழுசாக இறுக இரண்டு மூன்று வாரம், சில சமயம் ஒரு மாதமும் ஆகும். அதற்குள் கதவை அழுத்திச் சாத்தினால் நிலையோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்துத் திறந்தால் தோலோடு வரும். முதல் சில நாள் ராத்திரியில் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் பாலிதீன் தாள் வைத்துச் சாத்துங்கள். நிலைக்கும் கதவுக்கும் இடுக்கே இல்லாமல் கோட் ஏறியிருந்தால் முதலில் தச்சரைக் கூப்பிட்டு ஓரத்தைச் சீவிவிட வேண்டும். செதுக்கு வேலை உள்ள வாசல் நிலையில் நான் எந்த பெயின்ட்டுமே அடிக்க மாட்டேன். இருக்கிற பெயின்ட்டை எடுத்துத் தரச் சொன்னால் எடுத்துத் தருவேன். நெல்லையப்பர் கோயில் தாமிரசபையின் மரவேலையை ஒரு தரம் பார்த்தவர்கள் மரத்தில் உளி போன இடத்தை மூட மனசு வைக்க மாட்டார்கள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி ஏறின தெருக்களில் இன்னும் கதவு உப்பிக் கிடக்கிற வீடுகள் உண்டு. தண்ணீர் வடிந்த கையோடு பொங்கலுக்குள் பெயின்ட் அடித்தவர்கள் நிறையப் பேர். ஊறின மரம் வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் ஈரம் இருக்கும். எந்த பெயின்ட்டானாலும் கொப்புளம் போடும். மரவேலைக்கு நம் பக்கத்தில் தை, மாசி, பங்குனிதான் காலம். ஆனால் எல்லாரும் கூப்பிடுவது மார்கழியில், பனி கொட்டும்போது, பொங்கலுக்கு முன்னால் முடித்துத் தா என்று.

கடைசியாகக் கூலி. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். அந்தக் கணக்கில் தேய்ப்புக்கு இடமே கிடையாது. தேய்க்காதவன் சீக்கிரம் முடித்து அடுத்த வேலைக்குப் போகிறான், தேய்க்கிறவன் நஷ்டப்படுகிறான். ஒரு வீட்டுக்காரர் என்னிடமே கேட்டார்: "என்ன அண்ணாச்சி, வந்ததுலேர்ந்து தேய்ச்சுக்கிட்டே இருக்கீரு, டப்பாவை எப்பத்தான் தொறப்பீரு?" நான் சொன்னேன், "தொறக்கது ஒரு நாள் சோலி, தேய்க்கதுதான் சார் வேலை." அவர் ஒப்புக்கொள்ளவில்லை, இன்னொருவரை வைத்து முடித்துக்கொண்டார். உள்மரவேலை பேசும்போது கழுவித் தேய்க்கிறதற்குத் தனியாகத் தினக்கூலி, அடிக்கிறதற்குச் சதுர அடி என்று இரண்டாகப் பிரித்துத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேய்த்து முடித்த அன்று ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் நீங்களே பார்த்த பிறகு டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள். பாளையங்கோட்டைக்காரர் இந்த ஒரு காரியத்தைச் செய்திருந்தால் உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை எங்களில் பலரிடம் இருக்கிறது. அந்த அட்டைக்கு வருஷம் ஒரு தரம் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று அரசு ஆஸ்பத்திரியில் சும்மா பார்த்துத் தரச் சொல்லியும், தூசி தடுக்கிற நல்ல முகமூடி கொடுக்கச் சொல்லியும் மனு எழுதியிருக்கிறோம். வருகிற திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கப் போகிறோம். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்கிற பெயின்டர்கள் காலை பத்து மணிக்குள் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிடுங்கள். அட்டையின் ஜெராக்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன், ஒரு பெயின்டர்,
அம்பாசமுத்திரம்.